பால் பூசிய பந்து

ரப்பர் விலை குப்புற விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. மலாயாவில், ஜொகூரில் சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது ஆறாவது மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போய்விட்டன. இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நடந்ததைத்தானே எழுதுகிறேன், எழுதினால் என்ன என்று சொல்லிவிட்டேன். யார் பெயரையும் மட்டும் எழுதப்போவதில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பந்தாட்டப் பைத்தியம். ஆடத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். சிகாமட் திடலில் ஆட்டம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு வேண்டாம், பெண்டாட்டி வேண்டாம். காலையில் பால் வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்த கையோடு நடக்க ஆரம்பித்துவிடுவார். திரும்பி வந்ததும் ஆட்டம் முழுவதையும் எனக்கு மறுபடி ஆடிக் காட்டுவார். அடுப்படியில் இருக்கும் குடம் ஒரு கோல் கம்பம், நான் இன்னொரு கோல் கம்பம். இப்படி என் இடுப்புக்குப் பக்கத்தில் எத்தனையோ கோல்கள் விழுந்திருக்கின்றன.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆட்கள் ஆட வந்தார்கள். எதிரே ஆடியவர்கள் நம் ஜொகூர்ப் பக்கத்து ஆட்கள். பாதிப் பேருக்குக் காலில் பூட்ஸ்கூடக் கிடையாதாம். பாதி ஆட்டத்தில் ஒரு பட்டாளத்தான் உதைத்த உதையில் பந்து திடலைத் தாண்டி ஆற்றில் விழுந்துவிட்டது. ஆறு அன்றைக்குத் தண்ணீர் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் 'ஐயோ' என்று நின்று பார்த்ததாம். இவர் மட்டும் குதித்தார். வேறு பந்து எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார்கள் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? பந்தைப் பிடித்து, எங்கோ கீழே கரையேறி, முள்ளில் வேட்டியைப் பறிகொடுத்து, இடுப்பில் வாழை இலையோடு இவர் திடலுக்கு வந்து சேரும்போது ஆட்டமே முடிந்துவிட்டது. நம் ஆட்கள் ஒரு கோலில் ஜெயித்திருந்தார்கள். அந்த ஒரு கோலையும் இவர் பார்க்கவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் ஆட்டக்காரர்கள் இவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அப்புறம் பந்தை இவரிடமே கொடுத்துவிட்டார்கள். கொடுப்பதற்கு முன், கிராணிமார் கணக்கெழுதுவார்களே, நாக்கில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சில், அதை யாரிடமோ வாங்கி, பதினோரு பேரும் ஈரத் தோலின் மேல் பெயர் எழுதினார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், அரபு மாதிரி இருக்கும் ஜாவி எழுத்தில் எழுதினார்கள். இரண்டு மூன்று பெயர் இங்கிலீஷில் இருந்தது. ஒரே ஒருவர் தமிழர், ரயிலில் வேலை பார்த்தவர். அவர் தமிழில் எழுதியிருந்தார்.

அந்தத் தமிழ்ப் பெயர்தான் என் வீட்டுக்காரருக்கு உயிர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பந்தை எடுத்துக் காட்டி, விரலை அதன்மேல் வைத்து வாசிப்பார். எனக்கு அப்போது எழுத்து வாசனையே கிடையாது. ஜாவியும் இங்கிலீஷும் தமிழும் என் கண்ணுக்கு ஒன்றுபோல, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான் இருக்கும். பந்துக்கு மதிப்பு அந்த ஆட்டத்தால் வந்தது, ஆற்றில் குதித்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருக்கும் கிறுக்கலை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஆள் குறைப்பில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கப்பலுக்கு எழுதிவிட்டார்கள். மாசக் கடைசி வரை வேலை, அப்புறம் முகாம், அப்புறம் நாகப்பட்டினம். நான் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். 'ஊர்' என்று மற்றவர்கள் சொல்லும் அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கு அங்கே ஒருத்தரும் உயிரோடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு தடவை ஏமாந்த வயிற்றை வைத்துக்கொண்டு கப்பலில் அத்தனை நாள் ஆட்டத்தை நான் எப்படித் தாங்குவேன்? போன தடவை போனவர்களில் ஒருத்திக்குக் கப்பலிலேயே வலி கண்டுவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய கிராணியிடம் போய் அழுதேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான ஆள், ஆனால் மனுஷத்தன்மை உண்டு. "பேரை அடிக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை, பிள்ளை. ஆனா ஆஸ்பத்திரிக்குப் பால் ஊத்த ஆள் தேடினம். உங்களிட்டக் கறவை மாடு ஒண்டு இருந்தா, ஆத்தோரம் குடிசை போட்டு இருக்கலாம் எண்டு துரையிட்டச் சொல்லிப் பாக்கிறன்" என்றார். மாடு! கஞ்சிக்கே வழியில்லாத நேரத்தில் மாட்டுக்கு எங்கே போவது?

அந்த வாரமே மாடு எங்களைத் தேடி வந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பழத்தோட்டமும் நாலைந்து மாடும் வைத்திருப்பவர். அதற்கு முன்பும் ஒரு தடவை வந்து, பந்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து போனவர். இவரும் நம் ஆளைப் போல ஒரு பைத்தியம் போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். இந்தத் தடவை அவர் வாசலில் நின்றபடியே என் வீட்டுக்காரரிடம் மலாயில் என்னவோ தாழ்ந்த குரலில் பேசினார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் போன பிறகு, "என்னவாம்?" என்று கேட்டேன்.

"பந்தக் கேக்கறாரு."

"கேட்டா?"

"கன்னுக்குட்டியோட ஒரு மாடு தர்றேங்கறாரு."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் முகத்தைப் பார்த்தால் மாடு கிடைத்த முகமாக இல்லை, மாடு செத்த முகமாக இருந்தது.

இரண்டு நாள் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகள் முழுக்க, இதே பேச்சுதான். பந்து பார்க்கப் போகும் கூட்டாளிகள் எல்லாரும் ஒரே கட்சி. "அண்ணே, மாடு இன்னிக்கு இருக்கும் நாளைக்குச் சாகும். இந்த மாதிரிப் பந்து இன்னொண்ணு கெடைக்குமா? நம்ம ஆளு தமிழ்ல பேரு எழுதின பந்துண்ணே" என்று ஏற்றிவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் என் கட்சி. கங்காணி இரண்டு பக்கமும் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிணற்றடியில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்:

"ஏங்க, உங்க பந்து பால் கறக்குமா? கறக்கும்னா சொல்லுங்க, நான் இப்பவே போய் சொம்பு எடுத்துட்டு வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம், "வெள்ளிக்கெழமை தொழுகை முடிஞ்சு வரச் சொல்லிட்டேன்" என்றார். அப்புறம், "அது வரைக்கும் அதத் தொடாத புள்ள, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். என் வாய்க்குப் பயந்துதான் சம்மதித்தார் என்று எனக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பெரிய கிராணியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாடு வந்து சேர்ந்தால் பெயரை எடுத்துவிடுவதாகத் துரை ஒப்புக்கொண்டாராம். என் வீட்டுக்காரர் தினமும் வேலை விட்டதும் ஆற்றோரம் குடிசைக்குக் கம்பு நடப் போய்விடுவார்.

அடை மழைக்காலம். எங்கள் லயத்தில் செருப்பு முதல் ஊறுகாய் வரை எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை பந்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து, துணியை விலக்கிப் பார்த்தேன். பந்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. இதைப் பார்த்துவிட்டு அந்த மனுஷர் வேண்டாம் என்று மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? துணியால் துடைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி பூத்திருந்தது. போதாததற்கு அந்த மனுஷர் இதை மழையில் எடுத்துக்கொண்டு ஆறு தாண்டிப் போக வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஈரத்துக்கு ஒரே மருந்துதான் தெரியும். பழைய துணியில் மரத்துப் பாலைத் தடவிக் காயவைத்தால் மழைக்குப் போர்த்திக்கொள்ளலாம். கூடையில் தடவினால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. நானும் அதையே செய்தேன். ஒரு சிரட்டைப் பாலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, பந்து முழுக்கப் பூசினேன். காய்ந்ததும் இன்னொரு தடவை பூசினேன். சீக்கிரம் இறுகட்டும் என்று, ரப்பர் தகடுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்த அக்காவிடம் கொடுத்தேன். அவளும் சந்தோஷமாகத் தகடுகளுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் கொடுத்தது வெள்ளிக்கிழமை காலையில் திரும்பி வந்தது. தேன் நிறம், கையில் பிடித்தால் வழுவழு என்றிருந்தது. பூஞ்சை என்ன, பேய்கூட அண்டாது. பழைய துணியிலேயே சுற்றிப் பெட்டியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பாராட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

தொழுகை முடிந்து மலாய்க்காரர் வந்தார். கறுப்பு வெல்வெட் சோங்கோக் தொப்பி, துவைத்த சட்டை, கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் செவலைப் பசு, அதன் பின்னால் கன்று. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே போய் துணி மூட்டையை எடுத்துவந்து, அவர் கையில் கொடுத்து, தானே அவிழ்த்தார்.

மலாய்க்காரர் பந்தைத் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து திருப்பினார். கட்டை விரலால் ஒரு இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, மலாயில், "பேர் எங்கே, தம்பி?" என்று கேட்டார்.

நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், பூஞ்சை வந்தது, பால் பூசினேன், ரெண்டு தடவை பூசினேன், இனிமேல் எவ்வளவு மழை பெய்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையாக ஒப்பித்தேன். மலாய்க்காரர் மெதுவாக எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். பந்து அவர் மடியில் இருந்தது.

"என்ன புள்ள செஞ்ச?" என்றார் என் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். குரலே எழும்பாமல் சொன்னார். "அந்த ஒத்த கோலு போட்டது இவரு தம்பி. அவரு இப்ப இல்ல. காய்ச்சல்ல போயிட்டாரு. வீட்டுல அவரு கையெழுத்துன்னு ஒரு துண்டு காயிதம்கூடக் கெடையாதாம். இந்தப் பந்துல மட்டும்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"வயித்துப்புள்ளக்காரிகிட்ட எழவுச் சேதி சொல்லுவாங்களா?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. வாசலில் நின்று இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசியது, என்னைப் பார்த்ததும் நிறுத்தியது, இவர் இரண்டு நாள் வாயே திறக்காமல் இருந்தது. என் வாய்க்குப் பயந்து இவர் சம்மதிக்கவில்லை. அந்த மனுஷருடைய துக்கத்துக்காகத்தான் சம்மதித்திருக்கிறார். நானோ கிணற்றடியில் பத்துப் பேர் முன்னால் 'பால் கறக்குமா' என்று கேட்டு மானத்தை வாங்கினேன். இரண்டு தடவை பூசினேன் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

மலாய்க்காரர் சத்தம் போடவில்லை. பந்தைத் துணியின் மேல் வைத்தார். எழுந்தார். மாட்டுக் கயிற்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "சொன்னது சொன்னதுதான், தம்பி. தங்கச்சி வேணும்னு செய்யல. மாடு இங்கேயே இருக்கட்டும்" என்றார். அவர்கள் நம் பெண்களை 'தங்காச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தை என் நெஞ்சில் போய்க் குத்தியது.

என் வீட்டுக்காரர் லேசுப்பட்டவரா? கயிற்றை அவர் கையில் திருப்பித் திணித்தார். "வேணாம் அபாங். பேரு இல்லாத பந்துக்கு மாடு வாங்குனா அது எனக்கு ஒட்டாது. நாங்க கப்பலுக்குப் போறோம்" என்றார். அபாங் என்றால் அண்ணன். அவர் மறுபடி கொடுத்தார். இவர் மறுபடி திணித்தார். மாடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு 'அம்மா' என்று ஒரு சத்தம் போட்டது. இரண்டு ரோஷக்காரர்களுக்கு நடுவில் என் பிள்ளையின் தலையெழுத்து ஒரு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு மாடு ஞாபகம் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷருடைய கட்டை விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

பந்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

பால் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். முதல்நாள் வெட்டிய கோட்டில் மிச்சப் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பால் என்போம். காலையில் கத்தியை வைப்பதற்கு முன் அதை உரிக்க வேண்டும். அவசரக்காரர்கள் உரித்தால் துண்டு துண்டாக வரும். நகத்தால் முனையைக் கிளப்பி, மரத்தோடு ஒட்டினாற்போலவே இழுத்தால் முழு நாடாவாக வரும். பத்து வயதிலிருந்து ஒரு நாளைக்கு முந்நூறு மரம் அப்படி உரித்த விரல் என்னுடையது. எங்கள் நிரையில் என் ஒட்டுப்பால் அறுந்ததே இல்லை என்று கங்காணியே சொல்வார்.

பந்தில் கயிறு போட்டுக் கட்டும் வாய் இருக்குமே, அந்த இடத்தில் நகத்தை வைத்தேன். முனை கிளம்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோலோடு தோலாக இழுத்தேன். ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்தது. உள்பக்கம் ஊதா நிறத்தில் ஏதோ தெரிந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்தார்.

"நிறுத்து, நிறுத்து" என்றார். அப்புறம், "இல்ல, இழு, மெதுவா இழு" என்றார்.

அந்தப் பென்சிலுக்கு ஈரம் பட்டால் கரையும் குணம். நான் பூசிய பாலின் ஈரத்தில் எழுத்தெல்லாம் கரைந்து, தோலை விட்டு ரப்பரில் ஏறிக்கொண்டுவிட்டது. தோலின் மேல் வெறும் ஊதாக் கறைதான் மிச்சம். ரப்பரின் உள்பக்கத்தில் பெயர்கள் இடம் வலம் மாறிக் கிடந்தன. சில பெயர் கலங்கிப் போயிருந்தது, சில பெயர் பளிச்சென்று இருந்தது. எனக்கு எது எழுத்து, எது கறை என்று தெரியாது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். பாதி வந்ததும் மலாய்க்காரர் என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, உரிந்து வந்த பாகத்தைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

அவர்தான் அதை முதலில் தூக்கிப் பிடித்தார். புகை பட்ட ரப்பர் மெல்லிசாக, வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிந்தது. அவர் கண் ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. உதடு அசைந்தது. தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். "கடைசி எழுத்தை இப்படித்தான் இழுத்து வாலு விடுவான், எத்தனை அடி வாங்கியிருக்கான் இதுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரரும் அழுதார். நான் அழவில்லை. இன்னும் கால்வாசி உரிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கால்வாசியில்தான் தப்பு செய்தேன். நெருக்கடி தீர்ந்தது என்று கை தளர்ந்துவிட்டதோ என்னவோ, கடைசி இழுப்பில் ரப்பர் சரேலென்று கிழிந்தது. என் வாழ்க்கையில் அறுந்த ஒரே ஒட்டுப்பால் அதுதான். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பெயரின் மேல் கிழிந்தது என்று அந்த முகமே சொல்லிவிட்டது. தமிழ்ப் பெயரின் முதல் எழுத்து போய்விட்டது. தோலோடு ஒட்டிக்கொண்டு வெறும் ஊதாப் புள்ளியாகிவிட்டது.

அவர் அதைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பரவால்ல புள்ள, மீதி இருக்குல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பால் வெட்டும் கத்தியால் தம்பியின் பெயர் இருந்த துண்டை வெட்டிக் கொடுத்தேன். உள்ளங்கை அளவு இருக்கும். மலாய்க்காரர் சோங்கோக்கைக் கழற்றி, உள் மடிப்பில் அதைப் பத்திரமாகச் செருகி, மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். மாட்டைக் கயிற்றோடு எங்கள் வாசலிலேயே விட்டார், என் வீட்டுக்காரரும் இந்தத் தடவை திருப்பித் திணிக்கவில்லை. பந்தையும் அவர் எங்களிடமே விடப் பார்த்தார். என் வீட்டுக்காரர் விடவில்லை, பேச்சுப்படி அது உங்களுடையதுதான் என்று ஆற்றங்கரை வரை பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பேர் இல்லாத பந்தைப் பெட்டிக்குள் வைத்து என்ன செய்ய என்று, அந்த மனுஷர் அதைக் கம்பத்து இளவட்டங்களிடம் ஆடக் கொடுத்துவிட்டாராம். அப்புறம் கேட்க வேண்டுமா? சாயங்காலம் ஆனால் இவரைக் கம்பத்தில்தான் தேட வேண்டும். அது தையல் பிரிந்து வெடிக்கும் வரைக்கும் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார்.

நாங்கள் கப்பலுக்குப் போகவில்லை. ஆற்றோரக் குடிசையில் எனக்குப் பெண் பிறந்தாள். கம்பத்திலிருந்து அந்த மனுஷரின் மனைவி வாழைத்தாரும் கோழியும் எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். செவலை இதுவரை நாலு ஈற்று ஈன்றுவிட்டது. பந்தை விற்றிருக்கக்கூடாது என்று சொன்ன கூட்டாளிகள் இப்போது அதன் மோரைக் குடித்துக்கொண்டே அதையேதான் சொல்கிறார்கள். வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் சில நேரம் யோசிப்பேன். எனக்கு விடை தெரிந்ததில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அந்தக் கையெழுத்து போக வேண்டிய வீட்டுக்குப் போச்சு" என்று மட்டும் சொல்வார்.

நான் எழுத்துப் படித்தது அந்த வருஷம்தான். ஏதோ ஆசை வந்து படிக்கவில்லை, வெட்கத்தில் படித்தேன். படித்திருந்தால் அந்தப் பந்தின் மேல் பாலை ஊற்றியிருக்க மாட்டேன் அல்லவா? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எங்களிடம் மிஞ்சி, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தமிழ்ப் பெயர் ரப்பர்த் துண்டைப் பார்த்துத்தான் முதலில் எழுதிப் பழகினேன். அவர் உள்பக்கம் தெரியும்படி மாட்டிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் எல்லா எழுத்தையும் இடம் வலம் மாற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டாள். நான் முதன்முதலில் வாசித்ததும் எழுதியதும் முன்பின் பார்த்தேயிராத ஒரு ஆட்டக்காரரின் பெயரைத்தான், அதுவும் தலையெழுத்து இல்லாத பெயரை.

ரப்பருக்கு ஆயுசு குறைவு என்று எங்களுக்குத் தெரியாதா? இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் அடித்த வெயிலில் அந்தத் துண்டு இளகிக் கறுத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அதில் ஒன்றும் தெரிவதில்லை. அவர் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். கடையில் ஒரு ஊதா பென்சில் வாங்கிவந்தேன். நாக்கில் தொட்டு, நல்ல காகிதத்தில் அந்தப் பெயரை முழுசாக எழுதி, அதே ஆணியில் மாட்டினேன். மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடுகிறது, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக எழுதி மாட்டிவிடுவேன். மற்ற எழுத்துகள் எல்லாம் இப்போது என் கைக்குத் தானாக வருகின்றன. நான் கிழித்த அந்த முதல் எழுத்தை மட்டும் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.